நாலு நாற்பதுக்கு வந்தவர்கள்

சூரிச்சை அடுத்த சூக் நகரில், புகையிரத நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கும் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் மூன்றாம் மாடி நடைவழியில், நூற்றுப் பத்து ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்த இருநூற்றுப் பதின்மூன்று தொழிலாளர்கள் 2022 மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் ஒரு புகைப்படத்தில் இருந்தவர்கள். மூன்று மீற்றர் அகலமான அந்தப் படம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த ஒரு பொத்தான் தொழிற்சாலையின் முன்னால் 1912ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. ஆற்றுச் சிப்பிகளைத் துளைத்துச் சட்டைப் பொத்தான் செய்த தொழிற்சாலை அது. கம்பெனி பொத்தான் செய்வதை விட்டு அறுபது வருடம் ஆகியிருந்தது. இப்போது என்ன செய்கிறது என்று அங்கே வேலை செய்தவர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. வரி குறைவு என்பதால் தலைமையகத்தைச் சூக்குக்கு மாற்றியபோது, தாங்கள் பழைய கம்பெனி என்பதை வருகிறவர்கள் அறியவேண்டும் என்று அந்தப் படத்தையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள்.

முதலில் பார்த்தவர் சிவகலா. சாவகச்சேரியிலிருந்து தொண்ணூற்றெட்டில் வந்து, கணவனை இழந்து, மகள் சஜீதாவைத் தனியாக வளர்த்துப் பிரெஞ்சு பேசும் நொஷாட்டலில் கட்டிக்கொடுத்துவிட்டு, மலைக்கு அந்தப்பக்கம் அட்லிஸ்வில்லில் ஒற்றை அறையில் இருந்தவர். அந்தக் கட்டிடத்தைச் சுத்தம் செய்யும் எட்டுப் பெண்களில் ஒருவர்; மூன்றாம் மாடி அவருடைய பங்கில் இருந்தது. கண்ணாடியைத் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், படத்தில் எல்லோரும் தரையிலும் படிக்கட்டிலும் சிப்பிக் குவியல்களின் மேலும் இருப்பதைக் கண்டார். பெண்கள் பாவாடையை முழங்காலுக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில், சட்டைப்பைக் கடிகாரத்தின் சங்கிலியைத் தொங்கவிட்ட மீசைக்காரர் ஒருவர் மட்டும் நின்றார். சிவகலா கீழே போய் மேற்பார்வையாளர் மகேஸ்வரனைக் கூட்டிவந்தார்.

"மகேஸ் அண்ணை, படத்தில நிண்ட சனம் முழுக்க இருந்திட்டுதுகள். பாருங்கோவன்."

மகேஸ்வரன் பார்த்தார். பிறகு தன் கைத்தொலைபேசியைப் பார்த்தார். "கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு வாங்கோ தங்கச்சி," என்றார். "நேரமில்லை."

நேரம் உண்மையாகவே இல்லை. அந்த வருடம் ஜனவரியில், அவர்களை வேலைக்கு வைத்திருந்த சுத்திகரிப்புக் கம்பெனி புதிய ஒப்பந்தம் செய்திருந்தது. முன்பு முப்பது நிமிடம் கொடுக்கப்பட்ட மூன்றாம் மாடிக்கு இப்போது பதினெட்டு நிமிடம். கைத்தொலைபேசியில் ஒரு செயலி. ஒவ்வொரு மாடிக்கும் அதில் ஒரு பச்சைப் பெட்டி. நேரம் தாண்டினால் பெட்டி சிவப்பாகும். வேலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியவேண்டும். முதல் வாரம் பெண்கள் ஓடினார்கள். இரண்டாம் வாரம் ஓடிக் களைத்தார்கள். மூன்றாம் வாரம் மகேஸ்வரன் ஒரு வழி சொன்னார். அட்லிஸ்வில்லிலிருந்து அவர்கள் எல்லோரையும் ஒன்பது இருக்கை வானில் ஏற்றிக்கொண்டு மலைக்கு இந்தப்பக்கம் கொண்டுவருகிறவர் அவர்தான். "இருவது நிமிசம் வெள்ளன துடங்கினா ஒருத்தரும் ஓடத் தேவையில்லை. நாலு நாப்பதுக்கு உள்ள போவம். உங்களுக்காகத்தான் சொல்லுறன்," என்றார். அதை அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். பெண்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வான் அதிகாலை நாலு முப்பத்தெட்டுக்கு அங்கே நின்றது. நாலு நாற்பதுக்கு மகேஸ்வரன் கதவைத் திறந்தார். செயலி எல்லாப் பெட்டியையும் பச்சையாகக் காட்டியது. புதிய ஒப்பந்தம் நன்றாக வேலை செய்கிறது என்று மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

படம் உட்கார்ந்த விஷயத்தைக் கம்பெனி அமைதியாகவே கையாண்டது. அமெரிக்காவிலிருந்து புதிய பிரதி வரவழைக்கப்பட்டது. குழாயிலிருந்து எடுத்து விரித்தபோது எல்லோரும் நின்றார்கள். வெள்ளிக்கிழமை மாட்டினார்கள், திங்கட்கிழமை பார்த்தபோது உட்கார்ந்திருந்தார்கள், மீசைக்காரரைத் தவிர. சட்டப் பிரிவு, படத்தின் உள்ளடக்கம் குறித்துக் கம்பெனி கருத்துத் தெரிவிக்காது என்று இரண்டு வரி எழுதி அனுப்பியது. இரண்டு வாரத்தில் ஊழியர்களுக்குப் பழகிவிட்டது. பழகாமல் இருந்தது ஒன்றுதான்: தினமும் காலையில் படத்துக்குக் கீழே தரைவிரிப்பில் இரண்டு கைப்பிடி அளவுக்கு வெள்ளைத் தூள் கிடந்தது. சிப்பி அரைத்த தூள். அதை உறிஞ்சி எடுக்க நாலு நிமிடம் பிடித்தது. செயலியில் அந்த நாலு நிமிடத்துக்குப் பெட்டி இல்லை.

அந்தக் கம்பெனியின் செய்தித்தொடர்புப் பிரிவில் அனுபமா என்ற கோயம்புத்தூர்ப் பெண் வேலை செய்தார். வயது முப்பத்துநாலு, அந்தக் கம்பெனி தந்த வேலையை நம்பியே இந்த நாட்டில் இருக்கும் அனுமதி. படத்தைப் பற்றி ஒரு குறிப்புத் தயாரிக்கும்படி அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர் பழைய கோப்புகளை வாசித்தார்; வாசிக்க வாசிக்கக் குறிப்பு எழுத முடியாமல் போனது. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்ததால், ஒரு நாள் ஆறு மணிக்கே வந்து, கோப்பி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சிவகலாவிடமும் தில்லைநாயகியிடமும் சொன்னார். தில்லைநாயகி எட்டுப் பெண்களில் மூத்தவர். காரைநகரில் ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையை நடத்தியவர். எதையும் இரண்டு தரம் கேட்டபின்தான் நம்புவார். படத்திலிருந்தவர்கள் பத்து மணித்தியாலம், பதினொரு மணித்தியாலம் வேலை செய்தவர்கள் என்றார் அனுபமா. படம் எடுத்த அதே வருடம் எட்டு மணித்தியாலம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கூட்டம் போட்டார்கள். யார் யார் கூட்டத்துக்குப் போனார்கள் என்ற பட்டியலை ஒரு மேற்பார்வையாளர் முதலாளியிடம் கொடுத்தார். பட்டியலில் இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு அந்த ஆற்றங்கரையில் எந்த ஊரிலும் வேலை கிடைக்கவில்லை. படத்தின் பின்னால் எல்லோருடைய பெயரும் எழுதியிருந்தது; மூன்றாவது வரிசையில் ஒரு பெயர் மட்டும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"இதுக்கெல்லாம் முன்னாடியே, 1886ல, சிகாகோல எட்டு மணி நேரம் கேட்டுத்தாங்க தெருவுக்கு வந்தாங்க," என்றார் அனுபமா. "நாலு பேரைத் தூக்குல போட்டாங்க. மே தினம்னு உலகம் பூரா கொண்டாடறது அதைத்தான். அப்புறம் நியூயார்க்ல ஒரு தையல் ஃபேக்டரி. கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க. தீப்பிடிச்சு நூத்தி நாப்பத்தாறு பேர் செத்தாங்க, முக்காவாசி சின்னப் பொண்ணுங்க. கார் கம்பெனிகள்ல வேலையை நிறுத்திட்டு மெஷினுக்குப் பக்கத்துலயே வாரக்கணக்கா உட்கார்ந்தாங்க. நீங்க சனிக்கிழமை லீவு போட்டுக் கோயிலுக்குப் போறீங்கல்ல, அது சும்மா வரலங்க."

தில்லைநாயகி துணியைப் பிழிந்துவிட்டுக் கேட்டார். "அப்ப மே தினம் அமெரிக்காக்காரன்ர சாமானோ? நாங்கள் இவ்வளவு நாளும் ரஷ்யாக்காரன்ர எண்டெல்லோ நினைச்சனாங்கள்."

"அமெரிக்காவுல அன்னிக்கு லீவே கிடையாதுங்க. அவங்க செப்டம்பர்ல ஒரு நாள் வெச்சுக்கிட்டாங்க."

"சூக்கிலயும் இல்லைத்தானே பிள்ளை. எங்கட அட்லிஸ்வில்லில இருக்கு. மலைக்கு அங்கால லீவு, இஞ்சால வேலை." தில்லைநாயகி சிவகலாவின் பக்கம் திரும்பினார். "எட்டு மணித்தியாலத்துக்குச் செத்தவங்களாம். நாங்கள் இருவது நிமிசத்தை இனாமாக் குடுக்கிறம்."

சிவகலா சிரித்தார். அவர் சிரித்ததை அனுபமா பிறகு பலரிடம் சொன்னார்.

ஏப்ரல் இருபத்தோராம் திகதி, வியாழக்கிழமை, காலை நாலு நாற்பத்திரண்டுக்கு, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குப் படியேறிய சிவகலா பதினான்கு படிகள் கீழே விழுந்தார். இயந்திரம் அவர் மேல் விழுந்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. லிப்ட் இருந்தும் அவர் படியால் ஏறியதற்குக் காரணம், அந்தக் கட்டிடத்தில் லிப்ட் ஐந்து மணிக்குத்தான் உயிர்பெறும். ஐந்து மணிக்கு முன் அங்கே மனிதர் எவரும் இல்லை என்பது கட்டிடத்தின் கணக்கு. மகேஸ்வரன்தான் முதலில் ஓடிப்போனார். அம்புலன்ஸ் வரும்வரை படியில் அவரருகே இருந்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணை, மிஷின் உடைஞ்சிட்டுதோ?" என்று சிவகலா கேட்டார். உடையவில்லை என்று மகேஸ்வரன் சொன்னார். உடைந்திருந்தது.

மறுநாள் மாலை சுத்திகரிப்புக் கம்பெனியின் மேலாளர் மகேஸ்வரனைத் தன் கந்தோருக்கு அழைத்தார். உட்காரச் சொல்லி நீலக் கதிரை ஒன்றைக் காட்டினார். கோப்பி கொடுத்தார். விபத்து அறிக்கை ஒரு பக்கம்தான். அதில் மூன்று வசனம்தான் முக்கியம். வான் நாலு முப்பத்தெட்டுக்கு வருவது வழக்கம். ஐந்து மணிவரை பணியாளர்கள் நிலவறை ஓய்வறையில் காத்திருப்பார்கள். முன்னதாக வேலை தொடங்கும்படி எவரும் கேட்கப்படவில்லை. மேலாளர் அவரை வற்புறுத்தவில்லை, மிரட்டவுமில்லை. ஒப்பந்தம் போனால் எட்டுப் பேருக்கும் வேலை போகும் என்று மட்டும் வருத்தத்தோடு சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு அகதியாக வந்து, ஆறு வருடம் எந்த நாளும் திருப்பி அனுப்பப்படலாம் என்று கடிதப்பெட்டியைத் திறந்து, அதன்பின் இருபத்தாறு வருடம் அதே கம்பெனியில் வேலை செய்த மகேஸ்வரனுக்கு, ஒரு கதிரைக்கு எதிரே இருப்பவர் ஒரு தாளை நீட்டினால் அதில் கையெழுத்து வைக்காமல் எழுந்துவிடலாம் என்பது தோன்றவில்லை. அவர் கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்தார். அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை.

புகையிரதத்தில் கூட்டத்தோடு நின்றபடி வீட்டுக்கு வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. மனைவி கஜலக்சுமி மேசையில் தேத்தண்ணியை வைத்தார். மகேஸ்வரன் கதிரையை இழுத்தார், குனிந்தார், நின்றுகொண்டிருந்தார். மறுபடி குனிந்தார், மறுபடி நின்றுகொண்டிருந்தார். வலி இல்லை, தடை இல்லை. உட்காருவதற்கு வேண்டிய கடைசி ஒரு சாண் தூரம் எங்கோ போய்விட்டிருந்தது.

"என்னப்பா, கதிரையில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை."

"அப்ப இருங்கோவன்."

"இருக்கத்தான் பாக்கிறன்."

சோபாவில் முயன்றார், கட்டில் விளிம்பில் முயன்றார், மாடிப்படியில் முயன்றார். படுக்க முடிந்தது, படுத்தபின் எழும்ப முடிந்தது, இடையிலுள்ள நிலை மட்டும் இல்லை. மருத்துவர் முழங்காலையும் முள்ளந்தண்டையும் படம் எடுத்துப் பார்த்தார். நின்று செய்யும் வேலைக்கு நூறு வீதம் தகுதி என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ஏன் இப்படி ஆனது என்று கஜலக்சுமி கேட்டபோது, மூன்று நாள் கழித்து, கையெழுத்து வைத்ததை மகேஸ்வரன் சொன்னார். அன்றிலிருந்து கஜலக்சுமி அவருக்குச் சாப்பாட்டைக் குசினி மேடையில் வைத்தார்.

வானை அதன்பின் அவரால் ஓட்ட முடியவில்லை. எட்டுப் பெண்களில் ஒருவரான போர்த்துக்கல்காரி லூசியா ஓட்டினார். மகேஸ்வரன் பின்னால் வாளிகளுக்கும் மொப்புகளுக்கும் நடுவே நீட்டிப் படுத்துக்கொண்டு மலையைக் கடந்தார். முதுகு நோ என்று பெண்களிடம் சொன்னார். அவர்கள் நம்பினார்கள். நோவுக்குப் பூசும் சித்தாலேபக் குப்பி ஒன்றைத் தில்லைநாயகி கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டதை நினைத்து அவர் பின்னாளில் வெட்கப்பட்டார்.

ஜூன் தொடக்கத்தில் காப்புறுதியின் கடிதம் வந்தது. ஓர் இடத்தில் வாரத்துக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு வேலை நேரத்து விபத்துக்கு மட்டுமே காப்புறுதி உண்டு. சிவகலாவின் ஒப்பந்தம் நாளுக்கு ஒன்றரை, வாரத்துக்கு ஏழரை மணித்தியாலம். விழுந்தது நாலு நாற்பத்திரண்டுக்கு; வேலை நேரம் ஐந்துக்கு. ஆகவே ஒன்றுமில்லை. வைத்தியசாலைச் செலவை நோய்க் காப்புறுதி ஏற்றுக்கொண்டது. இனி எந்த வேலைக்கும் போகமுடியாத இடுப்புக்குப் பதில் சொல்ல எவரும் இல்லை. தில்லைநாயகி கடிதத்தை இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டார். பிறகு கடித உறையின் பின்னால் கணக்குப் போட்டார். நாளுக்கு இருபது நிமிடத்தைச் சேர்த்தால் வாரத்துக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல். எட்டைத் தாண்டியிருந்தது. பெண்கள் சொல்வது அறிக்கைக்கு எதிராக எடுபடாது; அந்த இருபது நிமிடத்தை அதில் கையெழுத்து வைத்த ஒரு மனிதர் ஒத்துக்கொண்டால் எல்லாம் சிவகலாவின் பக்கம் வந்துவிடும். கடிதத்தோடு இணைத்திருந்த விபத்து அறிக்கையின் கீழே இருந்த கையெழுத்தை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மாதமும் தங்கள் வேலைத்தாளில் பார்த்த கையெழுத்து.

"மகேஸ், இது நீங்கள் எழுதிக் குடுத்ததோ?"

"நான் எழுதேல்லை அக்கா. கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்."

தில்லைநாயகி வானில் ஏறிக் கதவை மூடினார்.

ஜூன் பதினான்காம் திகதி, இந்த நாட்டுப் பெண்கள் சம உரிமை கேட்டு ஊதா உடுத்து வீதிக்கு வரும் நாளில், ஏழு பெண்களும் நாலு நாற்பதுக்குக் கட்டிடத்துக்குள் போகவில்லை. வாசலில் ஐந்து மணிவரை நின்றார்கள். ஐந்து மணிக்கு லிப்டில் ஏறி மூன்றாம் மாடிக்குப் போய், படத்துக்குக் கீழே, சிப்பித்தூளைத் தட்டிவிட்டு, இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். எவரும் கோஷம் போடவில்லை. லூசியா ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். மகேஸ்வரனுடைய கைத்தொலைபேசியில் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மேலாளர் தொலைபேசியில் கத்தினார்; அவர்களை எழும்பச் சொல் என்றார். மகேஸ்வரன் கதவுகளின் திறப்புக்கோர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகேஸ்," என்றார் தில்லைநாயகி. குரலில் கோபம் இருக்கவில்லை. "வந்து எங்களோட இருங்கோ. அது போதும். மிச்சத்தை நாங்கள் கதைக்கிறம்."

மகேஸ்வரன் இருக்க விரும்பினார். தன் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு விரும்பியதில்லை என்று பின்னர் மகளிடம் சொன்னார். தொலைபேசியை அணைத்தார். திறப்பைப் பைக்குள் போட்டார். பெண்களின் வரிசைக்கு அருகே வந்து குனிந்தார். நின்றுகொண்டிருந்தார். மறுபடி குனிந்தார். மூன்றாம் தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு முயன்றார். தரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு மனிதர் தங்களைத் திரும்பத் திரும்பக் கும்பிட்டுக் கேலி செய்வது போலிருந்தது. ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதாவது அவர் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். தன்னால் உட்கார முடியாது என்பதை, எந்தக் கதிரையிலிருந்து எழுந்தபின் அப்படி ஆனது என்பதை. "முதுகு நோ," என்றார். அவருக்கு மேலே படத்தில் மீசைக்காரர் நின்றார். ஏழரை மணிக்கு வந்த ஊழியர்கள் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு, பெண்களின் கால்களை மிதிக்காமல் கவனமாகச் சுற்றி நடந்துபோனார்கள். நின்ற மனிதர் பெண்களுக்குக் காவல் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அனுபமா எட்டு மணிக்கு வந்தார். மடிக்கணினிப் பையை இறக்கி வைத்துவிட்டு, சிறிது நேரம் யோசித்து, தில்லைநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொரு நிமிடம் இருந்தார். அதற்குள் அவருடைய தொலைபேசி ஒலித்தது; மேலதிகாரியின் பெயரைப் பார்த்தார்; "ஒரு நிமிஷம், வந்துடறேங்க," என்று எழுந்து போனார். திரும்பி வரவில்லை. அவருக்கு அதனால் கெடுதல் எதுவும் நேரவில்லை. அடுத்த வருடம் சம்பள உயர்வுகூடக் கிடைத்தது. அந்தப் பதினொரு நிமிடத்தைப் பற்றிக் கேட்டால் இப்போதும் அவர் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார்.

ஒன்பது இருபதுக்கு மேலாளர் வந்து எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். வேலை ஐந்துக்குத் தொடங்கும். அதற்கு முன் எவரும் உள்ளே போவதில்லை. மூன்றாம் மாடிக்கு முப்பது நிமிடம். எழுதிக் கையெழுத்திட்டார். எழும்பியவர்களுக்குக் கால் விறைத்திருந்தது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிவகலாவின் விஷயத்தைத் தில்லைநாயகி கேட்டபோது மட்டும் மேலாளர் கையை விரித்தார். அது காப்புறுதியிடம் இருக்கிறது, கையெழுத்திட்ட அறிக்கை இருக்கிறது, என் கையில் இல்லை என்றார். மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. அந்த முப்பது நாளும் மகேஸ்வரன் தினமும் காலையில் வாளிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, இன்று சொல்லுவேன் என்று நினைத்தார். முப்பத்தோராம் நாள் நினைப்பதை விட்டார். ஆகஸ்டில் சிவகலா தன் ஒற்றை அறையை ஒப்படைத்துவிட்டு, இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு மகளோடு நொஷாட்டலுக்குப் போனார். படத்தைக் கம்பெனி அந்த ஆற்றங்கரை ஊருக்கே அன்பளிப்பாக அனுப்பிவிட்டது. அங்கேயும் அவர்கள் எழும்பவில்லை என்று கேள்வி.

மகேஸ்வரன் மேற்பார்வையாளர் பதவியை இழந்தார். அதற்காக அவர் வருந்தவில்லை. வேறொரு கட்டிடத்தில் மொப் பிடித்தார். புகையிரதத்தில் இருக்கைகள் காலியாகக் கிடக்க வாசலருகே நின்று போய்வந்தார். விஷயம் மெல்ல எங்கள் சனத்துக்குத் தெரியவந்தது. அட்லிஸ்வில் முருகன் கோயில் அன்னதானத்தில் அவருக்கு மட்டும் குசினி ஜன்னல் படியில் இலை போட்டார்கள். கலியாண வீடுகளில் உயரமான மேசையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஏன் அவரால் இருக்க முடியாது என்று எவரும் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதை அதிலிருந்துதான் அவர் அறிந்தார்.

2023 செப்டம்பரில் மகள் சரணியாவின் கலியாணம் நடந்தது. தாரை வார்க்கும் நேரத்தில் ஐயர், பெண்ணின் தகப்பன் வந்து இருக்கவேணும் என்றார். மகேஸ்வரன் பட்டு வேட்டியோடு மணவறைக்கு ஏறி, முந்நூறு பேர் பார்த்திருக்க, பலகைக்கு முன்னால் குனிந்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நீட்டினார். இரண்டாம் தரமும் குனிந்தார். பிறகு கஜலக்சுமியின் தமையன் ஸ்ரீஸ்கந்தராஜா சத்தமில்லாமல் மேலே ஏறி, அவருடைய தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, அந்தப் பலகையில் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தார். மகேஸ்வரன் பின்னால் நின்று பார்த்தார். நிழற்படங்களில் அவர் எல்லாவற்றிலும் இருக்கிறார், எல்லோருக்கும் பின்னால், தலை மட்டும்.

மூன்று நாள் கழித்துச் சரணியா வந்தார். "அப்பா, அம்மா எனக்கு எல்லாம் சொன்னவா," என்றார். "நீங்கள் இருக்கிறதுக்காகச் சொல்லச் சொல்லேல்லை. சொன்னாலும் நீங்கள் இருக்கமாட்டீங்கள் எண்டுதான் நினைக்கிறன். ஆனா சிவகலா அன்ரிக்கு, அவ சொன்னதுதான் உண்மை எண்டு ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை."

மகேஸ்வரன் தில்லைநாயகியிடம் போனார். தில்லைநாயகி அவரைத் திட்டவில்லை; மேற்சட்டையை மாட்டிக்கொண்டு அவரைச் சூரிச்சில் இருந்த தொழிற்சங்கக் கந்தோருக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்றபடி அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு பெண் அதைத் தட்டச்சு செய்தாள். நின்றபடி கையெழுத்து வைத்தார். ஐந்து மாதம் கழித்துக் காப்புறுதியின் பதில் வந்தது. முடிவு எப்போதோ உறுதியாகிவிட்டது. விபத்து நடந்த உடனே சொல்லப்பட்ட வாக்கே நம்பத்தக்கது. சாட்சி ஒன்றரை வருடம் கழித்து மனம் மாறுவது புதிய உண்மை ஆகாது. கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது.

2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாக்குமூலத்தின் பிரதியையும் அந்தப் பதிலையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு மகேஸ்வரன் நொஷாட்டலுக்குப் புறப்பட்டார். புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றார். பீல் நகரம் தாண்டியதும் ஏரி வந்தது. அதையும் நின்றே பார்த்தார். சஜீதாவின் வீடு ஏரிக்கு மேலே மேட்டில் இருந்தது. மணியை அடித்ததும் உள்ளே தடி ஊன்றும் சத்தம் கேட்டது. நெருங்கிவர நீண்ட நேரம் எடுத்தது. சிவகலா கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். தலை முழுதாக நரைத்திருந்தது.

"வாங்கோ அண்ணை," என்றார். "இருங்கோ எண்டு சொல்லமாட்டன்."

மகேஸ்வரன் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். ஜேர்மன் மொழியில் இருந்த தாள்களைக் கோப்போடு நீட்டினார். சிவகலா அதை வாங்கவில்லை.

"எனக்கு டொச்சில வேண்டாம். நீங்கள் தமிழில சொல்லுங்கோ."

"நான்தான் நாலு நாப்பதுக்கு வரச் சொன்னனான்," என்றார் மகேஸ்வரன். "நான்தான் கதவைத் திறந்து விட்டனான். ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு பேப்பரில கையெழுத்து வைச்சது பொய். இப்ப எழுதிக் குடுத்திருக்கிறன். அதால உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது எண்டு பதில் வந்திட்டுது. பிந்திட்டுது."

சிவகலா குசினிப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "சஜீ, இஞ்ச வா பிள்ளை." சஜீதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணை, இப்ப சொன்னதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் திரும்பச் சொன்னார். சஜீதா தாயைப் பார்த்தார். கடிதம் வந்த நாளிலிருந்து, ஏறக்குறைய இரண்டு வருடமாக, குளிக்க வார்க்கும்போதும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும், ஏனம்மா அவ்வளவு வெள்ளன போனீங்கள், உங்களை ஆர் போகச் சொன்னது என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். சிவகலா சொன்ன பதிலை அவர் முழுதாக நம்பியதில்லை. முத்திரையோடு வந்த காப்புறுதிக் கடிதத்தைத்தான் நம்பியிருந்தார். சஜீதா தாயின் காலடியில் தரையில் இருந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். சிவகலா மகளின் தலையைத் தடவினார். மகேஸ்வரனைப் பார்க்காமலே சொன்னார். "இதுக்குத்தான் அண்ணை நான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். காசுக்கில்லை."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மகேஸ்வரன் கேட்கவுமில்லை. தேத்தண்ணி வந்தது, அவர் நின்று குடித்தார். தினமும் பின்னேரம் நடக்கவேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை என்று சொல்லி, சிவகலா தடிகளை எடுத்தார். மேட்டுச் சரிவில் ஓடும் கேபிள் பெட்டியில் இறங்கி இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். கப்பல் துறைக்கு எதிரே இரண்டு பேர் உட்காரக்கூடிய வாங்கு ஒன்று இருந்தது. சிவகலா மெல்ல மெல்லத் தன்னை அதில் இறக்கி வைத்தார். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. மகேஸ்வரன் பக்கத்தில் நின்றார். காற்று வந்தது. ஏரிக்கு அப்பால் பனிமலைகள் முழுதாகத் தெரிந்தன.

"நாள் முழுக்க நிக்கிறது. நோகேல்லையோ?" என்று சிவகலா கேட்டார்.

"பழகீட்டுது."

"எனக்கும்," என்றார் சிவகலா.

மூன்று பத்துக்குக் கப்பல் வந்தது. இறங்கியவர்களில் பத்திரிகையும் கையுமாக வந்த ஒரு வயதான பெண், வாங்கில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, அதில் இருக்கப்போகிறீர்களா என்று மகேஸ்வரனிடம் பிரெஞ்சில் கேட்டார். அவர் எப்போதும் நிற்பவர் என்று சிவகலா தனக்குத் தெரிந்த சிறு பிரெஞ்சில் பதில் சொன்னார். அப்படியா, நல்லது என்று அந்தப் பெண் தலையசைத்து, அந்த இடத்தில் உட்கார்ந்து, பத்திரிகையை விரித்தார்.